உப்புப் போட்ட கை

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிற ஞானதிரவியத்துக்கு வருஷத்தில் ஒருநாள் மட்டும் ராஜமரியாதை. அது கிறிஸ்தவ சபையின் அசனப் பண்டிகை அன்று. சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த அசனத்துக்கு, பெரிய பெரிய கிடாரங்களில் கறிக்குழம்பு வைப்பது அவர்தான்.

சபைப் போதகரான ஐயர் ஜெபித்து ஆசீர்வதிக்கும் முன் அசனச் சாப்பாட்டை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. சமைக்கிறவருக்கும் அதே சட்டம்தான். அதனால் உப்பு முழுக்கக் கைக்கணக்குதான். ஞானதிரவியத்தின் கை ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. ஆரம்பத்தில் யாராவது பாராட்டினால், "கர்த்தரோட கிருபை" என்பார். போகப் போக, "நம்ம கை அப்படி வே" என்று மீசையைத் தடவ ஆரம்பித்துவிட்டார். கர்த்தரும் எத்தனை வருஷம்தான் பொறுத்துக்கொள்வார்!

போன வருஷம் கறி வெந்து, தேங்காய் அரைத்து ஊற்றியதும் அவர் கை உப்புச் சட்டிக்குப் போனது. தேங்காய் அரைத்துக் கொடுத்த ஏஞ்சல் பதறிவிட்டாள்.

"அண்ணாச்சி, கறி வேகும்போதே உப்பு போட்டாச்சே!"

"ஏட்டி, எனக்கே உப்பு சொல்லித் தாரியா? நீ பொறக்கதுக்கு முன்னயே கரண்டி புடிச்சவன் நான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அள்ளி அள்ளிப் போட்டார்.

ஜெபம் முடிந்தது. பரிமாறினார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்த தறிக்காரர் மன்சூர் அலி ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடினார். பந்தி முழுக்க அதே கதை. ரசத்தை ஊற்றிப் பிசைந்து எழுந்து போனார்களே தவிர, ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்போதாவது மனுஷன் தலையைக் குனிந்திருக்கலாம். "ஏஞ்சல் தேங்கா அரைக்கும்போது உப்பு சேத்துட்டா போல" என்று ஞானதிரவியமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். குழம்பில் விழுந்த உப்பைவிட அந்தச் சொல்தான் கரித்தது. ஏஞ்சல் அதோடு சபைக் கோவில் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

இந்த வருஷமும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அத்தனை பேருக்கு ஆக்க வேறு ஆள் இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் ஏஞ்சல் உட்காரும் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஜெபமே வராமல் போயிருந்தது. கண்ணை மூடினால் தன் பொய்தான் முன்னால் வந்து நின்றது. ஏஞ்சல் வராமல் அடுப்புப் பற்றவைப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எதுக்கு வந்திய? இந்தத் தடவையும் பழி போட ஆள் வேணுமாக்கும்?"

"உப்பு போட ஆள் வேணும் ஏஞ்சல். நான் கிண்டுதேன். உப்பு உன் கையாலதான் விழணும்."

"போன வருஷம் போட்டது யாருன்னு எல்லாரும் இருக்கையில சொல்லுவியளா?"

வீட்டு வாசலில் வந்து மன்னிப்புக் கேட்பது லேசு. தன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய கூட்டத்தின் முன்னால் சொல்வது செத்துப் பிழைக்கிற காரியம். ஆனாலும் அவர் அசரவில்லை.

"சொல்லுதேன்."

சொன்னார். அடுப்புப் பற்றவைக்கும் முன் எல்லாரும் ஜெபத்துக்குக் கூடி நின்றபோது சொன்னார். "போன வருஷம் ரெண்டு தடவ உப்பு போட்டவன் நான். அவ தடுத்தா, நான் கேக்கல. பொறவு அவ மேலயே பழியையும் போட்டேன். என் கையிலதான் எல்லாம் இருக்குன்னு நெனச்சேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், ஏஞ்சலும் மன்னிக்கட்டும்." ஒரு சொல்லையும் அவர் விழுங்கவில்லை. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

கறி கொதித்தது. ஏஞ்சல் உப்புப் போட்டாள். அவர் கரண்டியை விடாமல் கிண்டினார். தேங்காய் ஊற்றியதும், பழக்க தோஷம், வலது கை தன்னால் உப்புச் சட்டிக்கு நீண்டது. பாதியில் நிறுத்தினார். எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"ஏஞ்சல், உப்பு போட்டாச்சா?"

"போட்டாச்சு அண்ணாச்சி."

கையை இழுத்துக்கொண்டு மறுபடி கிண்டத் தொடங்கினார்.