வேலிக்கு இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் பச்சை

போன அக்னி நட்சத்திரத்தின்போது நடந்தது இது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கையில் வெப்பமானியும் போனுமாகத் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தேன். முதுகலை புவியியலில் என் ஆய்வே அதுதான்: வெயில் மாடுகளை என்ன செய்கிறது என்று வரைபடம் போடுவது. கொட்டகையின் வெப்பத்தை அளந்து, மாடு எப்படி மூச்சு வாங்குகிறது என்று பார்த்து, போனில் பதிந்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும். ஆபத்தென்றால் சிவப்பு, பரவாயில்லை என்றால் பச்சை. புள்ளி விழ விழ எனக்குக் கால் தரையில் நிற்காது.

ஒரு முள்வேலியின் இருபக்கமும் இரண்டு வீடுகள். அந்தப் பக்கம் புங்க மரத்தடியில் ஓலைக் கொட்டகை, பச்சை. இந்தப் பக்கம், ஜெர்சி மாட்டுக்காக ஆசையாகப் போட்ட புதுத் தகரக் கொட்டகை, பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை, சிவப்பு. உள்ளே அந்தச் சினைமாடு நாக்கைத் தொங்கவிட்டு, நுரை தள்ளி, தள்ளாடிக்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன். தான் வருவதற்குள் நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

நான் மாட்டுக்காரம்மாவிடம் போனை நீட்டி, “பக்கத்து வீடு பச்சையா இருக்கு பாருங்க, அங்க கட்டலாம்” என்றேன்.

அவர் முகம் மாறியது. “அந்த வூட்டுக்கா? செத்தாலும் போவ மாட்டேன்.”

பக்கத்து வீட்டில் இருப்பது அவருடைய ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. வரப்புத் தகராறில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறதாம். என் படத்தில் அது எங்கேயும் இல்லை.

வேலிக்கு அப்பாலிருந்து ஓரகத்தியின் குரல், என்னைப் பார்த்து: “ஏம்மா, படம் போடுற பொண்ணு! சண்ட நமக்குத்தான், வாயில்லா ஜீவனுக்கு இன்னா சண்டன்னு கேளு.”

நான் திரும்புவதற்குள் மாட்டுக்காரம்மா, “நாளைக்கு சொல்லிக் காட்டக் கூடாதுன்னு சொல்லும்மா” என்றார்.

“சொல்லிக் காட்ட இன்னா கீது? வயித்துல கன்னு கீதுன்னு சொல்லு!”

நடுவில் நான் தபால்காரி மாதிரி இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மாட்டுக்கு முன்னங்கால் மடிந்தது. அவ்வளவுதான், ஓரகத்தி வேலிமுள்ளை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்து கயிற்றை அவிழ்த்தார். மாட்டுக்காரம்மா தடுக்கவில்லை. பின்னாலிருந்து மாட்டைத் தாங்கித் தள்ளினார்.

புங்க நிழலில் மூவரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். மருத்துவர் வந்து ஊசி போட்டபோது மூச்சு நிதானத்துக்கு வந்திருந்தது. வெயில் தணியும்வரை மாடு இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாட்டின் முதுகைத் தடவியபடியே, மாட்டுக்காரம்மா என்னை விட்டுவிட்டு நேராக ஓரகத்தியிடமே சொன்னார்: “சாணி நான் வந்து வாரிக்கிறேன்.”

“நீதான்க்கா வாரணும். பின்ன, நானா வாருவேன்?”

கன்று நல்லபடியாகப் பிறந்ததாகப் பிறகு போனில் சொன்னார்கள். நிழல் எங்கே இருக்கிறது என்று என் படம் இன்றும் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் அங்கே போய்ச் சேர யாராவது ஒருவர் முதலில் முள்ளை இழுத்துப் போட வேண்டியிருக்கிறது என்பது, புதிதாக ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் எனக்கு நினைவுக்கு வருகிறது.