பஸ்ஸில் வந்த வாத்துப் பனியன்

போகிற இடம் தெரியாமல் பஸ் ஏறி எனக்குப் பழக்கமே இல்லை. நல்லூரில் ஏறினால் கம்பெனி, பல்லடத்துக்கு ஏறினால் நாத்தனார் வீடு, அவிநாசிபாளையத்துக்கு ஏறினால் ஏதாவது ஒரு விருந்து. அப்படிப்பட்ட நான் இங்கிலாந்தில் ஒரு மாதம் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டாப்புக்குப் போய், முதலில் வருகிற பஸ்ஸில் ஏறி, அது கொண்டுபோய் விட்ட ஊரைச் சுற்றிவிட்டு வந்தேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வரும். வரட்டும்.

போனது ஊர் சுற்றுவதற்காக இல்லை. நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். நாங்கள் தைத்து அனுப்பிய குழந்தைகள் பனியன் துவைத்ததும் முறுக்கிக்கொள்கிறது, பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிடுகிறது என்று அதை வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. அடுத்த ஆர்டரை நிறுத்தி வைத்து, செக்கிங் ஆளை நேரில் வரச் சொன்னார்கள். ஆர்டர் கைவிட்டுப் போனால் எங்கள் தையல் லைனில் பாதியை மூட வேண்டியதுதான்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. சாயம் ஏறி வந்த துணியை விரித்துப் போட்டு ஒரு நாள் ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று முதலாளியோடு மல்லுக்கு நிற்கிறவள் நான். ஆறாத துணி தண்ணீர் பட்டதும் முறுக்கித் தன் குணத்தைக் காட்டிவிடும். முதலாளியை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "ஒரு நாளு போச்சுன்னா ஷிப்மெண்டே போச்சுங்க அம்மிணி" என்று அவர் குதிப்பார். நான் மசியமாட்டேன். அப்படி ஆறவிட்டு வெட்டிய பனியனே முறுக்குகிறதென்றால் இனி என் பேச்சை யார் மதிப்பார்கள்?

வார நாட்களில் அவர்கள் குடோனில் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தோம். சில பீஸ்களைத் துவைத்துப் பார்க்க லேபுக்குக் கொடுத்தோம். ரிசல்ட் வரும் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் உட்கார்ந்தால் மனசு கண்டதையும் நினைத்தது. அதனால்தான் பஸ்.

முதல் ஞாயிறு நான் ஸ்டாப்பில் நின்றுகொண்டே இருந்தேன். பல்லடம் பஸ்ஸில் கண்டக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டி, வர விருப்பமில்லாதவரையும் ஏற்றிக்கொண்டு போவார். அங்கே பஸ் என்னைப் பார்த்தபடியே போய்விட்டது. கை நீட்ட வேண்டுமாம். இரண்டாம் ஞாயிறு கை நீட்டினேன். டிரைவரைத் தாண்டி விறுவிறுவென்று போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டர் வருவார் என்று சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வண்டி நகரவே இல்லை. மொத்த பஸ்ஸும் எனக்காகத்தான் நிற்கிறது, டிக்கெட் கொடுப்பவரே டிரைவர்தான் என்று புரிய நேரமாயிற்று. அந்த பஸ் கடலுக்குப் போயிற்று. காற்றில் பறக்கப் பார்த்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"எந்த ஊருல இருக்கற?"

"தெரியலீங்க."

"தெரியாத ஊருக்கா போயிருக்கற?"

"ஆமாங்க. நல்லாருக்குதுங்க."

மூன்றாம் ஞாயிறு ஏறிய பஸ் ஆடு மேய்கிற மேடுகளுக்கு நடுவே போயிற்று. பக்கத்து வரிசையில் ஒரு அம்மாவும் நாலு வயதுப் பையனும் இருந்தார்கள். அவன் எழுந்து நின்று என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினான். நானும் துருத்தினேன். அப்போதுதான் அவன் நெஞ்சில் இருந்த வாத்தைப் பார்த்தேன். எங்கள் வாத்து. வருடா வருடம் நாங்கள் அனுப்புகிற, இப்போது புகார் வந்திருக்கிற அதே மாடல் பனியன்.

கை தானாகப் போய்விட்டது. செக்கிங் டேபிளில் செய்கிற மாதிரியே பையனின் பனியன் விளிம்பைப் பிடித்து உள்பக்கமாகத் திருப்பிவிட்டேன். அவன் அலறினான். அவன் அம்மா அவனை இழுத்துக்கொண்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "சாரி மேடம், க்வாலிட்டி செக்கிங்" என்றேன். வேறு இங்கிலீஷ் வாயில் வரவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது. அவசரமாகப் போனை எடுத்து, எங்கள் லைன் பெண்கள் ஆளுக்கொரு வாத்துப் பனியனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படத்தைக் காட்டினேன்.

அவள் படத்தைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, தானே விளிம்பைத் திருப்பிக் காட்டினாள். மூத்தவன் போட்டுக் கழித்ததை இப்போது இவன் போடுகிறானாம். வாத்தின் அலகு உதிர்ந்து போயிருந்தது. தையல் மட்டும் அக்குளிலிருந்து அடி வரைக்கும் நேராக இறங்கியது. அவளிடம் கேட்டுக்கொண்டு அந்த விளிம்பையும், எந்தத் தொகுதித் துணி என்று காட்டுகிற உள் லேபிள் லாட் நம்பரையும் படம் எடுத்தேன். நீயா செய்தாய் என்று அவள் கேட்டாள். யார் கேட்டாலும் கம்பெனி செய்தது என்றுதான் இத்தனை வருடமும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு "ஆமாங்க, நாந்தானுங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

ஆனால் ஒரு பீஸைப் பார்த்து லாட்டை பாஸ் பண்ணக் கூடாது. அது நானே போட்ட சட்டம்.

திங்கட்கிழமை லேப் ரிசல்ட் வந்தது. சில பீஸ் நேராக இருந்தன, சில முறுக்கியிருந்தன. முறுக்கியவற்றின் லாட் நம்பரை எழுதி, அவற்றை வெட்டிய தேதிகளை ஊரில் விசாரித்தேன். எல்லாம் நான் என் கூடப்பிறந்த அண்ணன் மகள் சீருக்காக லீவில் இருந்த நாலு நாட்கள். வந்த துணி ஆறாமலே கட்டிங் மேசைக்கு ஏறியிருக்கிறது. பையன் பனியன் நான் ஆறவிட்ட லாட்.

முதலாளிக்குப் போன் செய்தேன். வெட்டிய தேதிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல வைத்தார். பிறகு, "நூல் சரியில்லைன்னு சொல்லிப் போடுங்க அம்மிணி. நூல் வாயத் தொறந்து பேசப் போகுதுங்களா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. நான் பேசோணுங்களே."

பனியன் வாங்கிய கம்பெனியின் ஆபீஸில் என்னை வரச் சொல்லியிருந்த மேடத்திடம் நடந்ததை அப்படியே சொன்னேன். எந்தப் பெட்டி எங்கள் தப்பு, எந்தப் பெட்டி சுத்தம் என்று பிரித்துக் காட்டினேன். முறுக்கிய பீஸுக்குப் பக்கத்தில் பையன் பனியனின் படத்தை வைத்தேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், எதையோ எழுதிக்கொண்டார்.

நான் ஊர் திரும்பிப் பத்து நாள் வரை அண்ணன் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஆர்டர் வந்தது, ஒரு புது நிபந்தனையோடு. துணி ஒரு நாள் ஆறியதென்று செக்கிங் இன்சார்ஜ் கையெழுத்துப் போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

முதல் லாட் வந்த அன்று அண்ணனே தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "ஒரு கையெழுத்துங்க அம்மிணி."

துணி அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வாங்கண்ணா" என்றேன்.