நான் நிறுத்திய லிஃப்ட்

எனக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சி வண்டியில் என் பக்கத்தில் ஆக்சிலேட்டர் கிடையாது, பிரேக் உண்டு. இத்தனை வருடமும் அடுத்தவர் வேகத்தை அடக்கியே சோறு தின்றவன். அதனால் யாராவது புதிதாக ஏதாவது செய்யலாம் என்று வாயெடுத்தாலே என் வலது கால் தானாக அழுந்தும். சாப்பாட்டு மேசைக்கு அடியில்கூட அழுந்துகிறது என்பாள் மனைவி.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஆள் உள்ளே வரும்போதே எந்த ஃபிரேம் அந்த மூக்கில் நிற்கும் என்று சொல்லிவிடுவாள். அவளுடைய முழங்கால் தேய்ந்து போனதால்தான் லிஃப்ட் உள்ள அடுக்குமாடியில் வீடு வாங்குவது என்று முடிவு செய்தோம். சம்பளச் சீட்டு உள்ளவள் அவள். அதனால் வங்கிக் கடனும் பத்திரமும் அவள் பெயரில். வீடு தேடும் பொறுப்பு மட்டும் என்னிடம் வந்தது. வந்திருக்கக் கூடாது.

நாலாவது மாடியில் ஒரு வீடு அமைந்தது. தரகர் குடியிருப்போர் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, நிதானமாகப் படிக்கச் சொன்னார். வண்டி நிறுத்துவது பற்றிய பக்கத்தை வரிவரியாகப் படித்தேன். மீதியை விரலால் தள்ளிவிட்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். மாதாமாதம் சங்கத்துக்குக் கட்டவேண்டிய பராமரிப்புக் கட்டணம், என் சகலை அவர் குடியிருப்பில் கட்டுவதில் பாதிகூட இல்லை. பெரிய செலவு வந்தால் சமாளிக்கச் சங்கத்திடம் சேமிப்பு இருக்கிறதா, லிஃப்டுக்கு என்ன வயது, போன கூட்டத்தில் எதற்குச் சண்டை போட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் எனக்குக் கேள்வியே தோன்றவில்லை. அன்றைக்கே சகலைக்குப் போன் போட்டு, ரெண்டு லிஃப்டுக்குத் தண்டம் அழுகிறீர்களே என்று துக்கம் விசாரித்தேன்.

குடியேறிய கொஞ்ச நாளில் பொதுக்கூட்டம். மனைவிக்கு அன்று கடை. நான் மட்டும் போனேன். சங்கச் செயலாளர் மூன்றாவது மாடிப் பல் டாக்டரம்மா. லிஃப்டின் மோட்டார் இன்றோ நாளையோ என்று இருக்கிறது, சங்கத்தின் கையில் காசில்லை, கட்டணத்தை உயர்த்திப் புது மோட்டார் போட்டுவிடலாம் என்றார். என் கால் அழுந்தியது. எழுந்து நின்றேன். வாகனத் துறையில் பழுத்த அனுபவம் உள்ளவன் என்ற முறையில், ஓடுகிற எதையும் பிரிக்கக் கூடாது என்று ஒரு போடு போட்டேன். கீழ்த்தளத்துக்காரர்களும் முதல் மாடிக்காரர்களும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கை தட்டியதில்லை, தலைகால் புரியவில்லை. ஓட்டெடுப்பில் இரண்டு பக்கமும் சமமாக வந்தது. சமமானால் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. நான் விசிலடித்துக்கொண்டே லிஃப்டில் வீட்டுக்குப் போனேன்.

நாலைந்து மாதத்தில் லிஃப்ட் நின்றது. நின்றது நின்றதுதான்.

மனைவி மாடியிலேயே மாட்டிக்கொண்டாள். மாதக் கடைசிவரை பார்ப்பேன், அதற்குமேல் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். அவள் வேலை போனால் கடன் தவணை போகும். தவணை போனால் வீடு போகும். என் மூளைக்கே இது எட்டியது. வீடு வீடாகப் போய், கட்டணத்தை உயர்த்தலாம் என்று கெஞ்சினேன். முதல் மாடித் தையல்காரர் என்னை உட்காரவைத்து, ஓடுகிறதைப் பிரிக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். அது இப்போது ஓடவில்லையே என்றேன். எங்களுக்குக் கால் ஓடுகிறதே என்று சிரித்தார். டாக்டரம்மா அவசரக் கூட்டம் கூட்டினார். இந்தத் தடவை இன்னும் மோசமாகத் தோற்போம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பொழுது போகாமல் மனைவி விதிமுறைப் புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, பத்திரத்துல பேர் இருக்கறவங்கதான் ஓட்டுப் போடலாமாம். இல்லன்னா அவங்க எழுதிக் கொடுத்து அனுப்பின ஆள். நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்தேனா?"

இல்லை என்றேன்.

"அப்ப அன்னைக்கு அங்க கை தூக்கினது யாருங்க?"

இப்போதாவது எழுதிக் கொடு, நான் போய் விளக்குகிறேன் என்றேன். நீங்கள் விளக்கியது போதும் என்று அவளே கிளம்பினாள். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். படி திரும்பும் இடத்திலெல்லாம் உட்கார்ந்தாள். வலியில் அவள் உதட்டைக் கடித்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவள் தூக்கச் சொன்ன பையைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். பை கனத்தது. புத்தகமும் தலையணையும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் அவள் பேசியது கொஞ்சம்தான். டாக்டரம்மா புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். பத்திரம் யார் பெயரில் என்று கேட்டார். என் ஓட்டை அடித்தார். சமம் போய்விட்டது. கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் போன கூட்டத்திலேயே நிறைவேறிவிட்டதாக அறிவித்தார். தையல்காரர் விடவில்லை, அப்படியானால் சார் பேசிய பேச்சு என்னாவது என்று கேட்டார். பேச்சைக் கணக்கில் எடுப்பதில்லை என்றார் டாக்டரம்மா. அன்று கை தட்டியவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றிலிருந்து சேர்ந்த உயர்த்திய கட்டணப் பாக்கியை வசூலித்து முன்பணம் கட்டினாலும் மோட்டார் வர வாரக்கணக்காகும் என்றார்கள்.

கூட்டம் கலைந்ததும் நான் படிப்பக்கம் திரும்பினேன். அவள் வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே அவளுடைய தங்கை காரோடு நின்றிருந்தாள்.

"லிஃப்ட் ஓடற வரைக்கும் தங்கச்சி வீட்டுல இருக்கேங்க. அங்கேருந்து கடைக்குப் போயிக்கறேன். என்னால இதுக்குமேல ஏற முடியாது."

பையில் இருந்தது அவளுடைய துணிமணி. நான்தான் நாலு மாடியும் சுமந்து இறக்கியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை வகுப்புகளுக்கு லீவு சொல்லிவிட்டு லிஃப்ட் கம்பெனிக்குப் போனேன். இன்னும் திறக்கவில்லை, காவலாளி மட்டும் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்றார். மோட்டார் எப்போது கிடைக்கும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"என் சம்சாரத்தை எப்பங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்?" என்று கேட்டுவிட்டேன்.