நான் கட்டிய தூளியைத் தேடி சிடாம் கிரிக்கு

இந்தப் பயணத்தை ஐந்து மாதங்கள் தள்ளிப்போட்டேன். முட்டி வலி, மழை, வீட்டில் குழாய் ரிப்பேர் என்று வாரத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது. உண்மைக் காரணம் பயம். பேருந்து நேரம் பார்க்க மட்டும் என் பயணக் குறிப்புப் பக்கத்துக்கு வருகிறவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். அவர்களும் இதைத் தெரிந்துகொண்டு மேலே படிக்கட்டும்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று ஒரு தொலைபேசி வந்தது. நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் மகள் லெச்சுமி தான் என்றார் பேசியவர். அம்மாவின் சாவுக்கு வர முடியவில்லை, கால் சரியில்லை, நீ ஒரு முறை பாடாங் செராய்க்கு வந்து போ, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். என்ன என்று கேட்டேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை என்று வைத்துவிட்டார்.

எனக்கு அது என்னவாக இருக்கும் என்று ஓர் ஊகம் இருந்தது. ஐந்து வயதில் நான் செய்த ஒரு குறும்பால்தான் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள் என்று அறுபத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாண வீடு சாவு வீடு பாராமல் அதை எனக்கு நினைவூட்டி வந்தார். இப்போது லெச்சுமி அக்காவும் அதையேதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6.40க்கு ஜித்ராவில் பேருந்து ஏறினேன். அலோர் ஸ்டார் இருபது கிலோமீட்டர்தான், ஆனால் பள்ளிக்கூட நேரம், ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அங்கிருந்து ரயிலில் சுங்கை பட்டாணி. அறுபது வயது தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம், அடையாள அட்டையை மறக்காதீர்கள். குளிர்சாதனம் எலும்பைக் குடையும், ஒரு சால்வை வேண்டும். வழியெல்லாம் நெல் வயல். சுங்கை பட்டாணி நெருங்கும்போதுதான் மரங்கள் வரத் தொடங்கும்.

நிலையத்துக்கு வெளியே காசிம் அண்ணன் காத்திருந்தார். அவருக்குக் காலையில் தம்பியோடு சேர்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் கடை, பத்து மணிக்கு மேல் வாடகைக் கார் ஓட்டுகிறார். அரை நாளுக்கு நூற்று இருபது ரிங்கிட் பேசினோம். தோட்டத்துக்கும் போய்ப் பிறகு பாடாங் செராய் போக வேண்டும் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க பாக்க ஒன்னும் இல்லக்கா. பால்மரம் எல்லாம் வெட்டியாச்சு. எல்லாம் செம்பனைதான் லா."

ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்தது தெரியும், ஆயாக் கொட்டகை இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அவருடைய வாப்பா அந்தத் தோட்டத்துக்கு லோரியில் சாமான் கொண்டுபோனவராம். இடம் தெரியும் என்றார்.

சுங்கை பட்டாணியிலிருந்து சிடாம் கிரிப் பக்கம் பதினான்கு கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. மழை பெய்திருந்தால் சின்னக் காரில் போக வேண்டாம். போகும் வழியில் காசிம் அண்ணனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதைத் தேடிப் போனேன் என்பது புரியாது.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அதற்கு முன்பே தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிடுவார்கள். அவரவர் பழைய சேலையை அவரவரே கொண்டுவந்து உத்தரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட வேண்டும். காட்டை அழித்து மரம் நட்ட முதல் காலத்திலிருந்தே அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புருஷனிடம் அடிபட்ட பெண், குழந்தை இல்லாமல் வெறும் தூளியைக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். எந்தச் சேலை எந்த வீட்டுச் சேலை என்று லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லாருக்கும் தெரியும். ஆயா தூளியை எண்ணுவார், பிள்ளைகளை எண்ணுவார், ஒன்று கூடுதலாக இருந்தால் யாருடையது என்று பார்த்து மற்றப் பெண்களுக்குச் சொல்லி அனுப்புவார். அன்று பொழுது சாய்ந்ததும் ஏழெட்டுப் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த வீட்டில் படுக்கப் போவார்கள். ஏன் என்று கேட்க மாட்டார்கள், புருஷனோடு சண்டை போட மாட்டார்கள். வீட்டை நிறைத்துப் படுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வேலை வாங்கும் கங்காணி புருஷனுக்குச் சொந்தக்காரன், பஞ்சாயத்தில் உட்காருகிறவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். அந்தப் பெண்களிடம் இருந்தது பாய்தான்.

எங்கள் வீட்டுக்கு அப்படி இரண்டு முறை வந்தார்கள். எனக்கு அது திருவிழா. ஆவி பறக்கிற மரவள்ளிக்கிழங்கு, சம்பல், வந்த பெண்கள் எல்லாரும் எனக்கு அத்தைகள், ஆளுக்கு ஒரு கதை. நடுவில் நான். அப்பா வெளியே கால்வாய் ஓரம் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார், உள்ளே வரவே மாட்டார். அப்பா என்றால் எனக்கு உயிர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனவர் அவர்தான். அவர் வெளியே தனியாக இருப்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்ததே தவிர, ஏன் என்று தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் நானே அம்மாவின் பச்சைக் கட்டம் போட்ட சேலையை எடுத்துப் போய்த் தூளி கட்டினேன். அத்தைகள் வர வேண்டும், கிழங்கு வேண்டும், அதற்காகத்தான் என்றே நினைவு. பாயோடு வந்தார்கள். நான்காம் நாள் காலை அம்மாவையும் என்னையும் பெண்கள் நடுவில் விட்டுச் சுற்றி நடந்து சாலை வரை கொண்டுவந்து பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். ஜித்ராவில் அம்மாவின் சித்தி மகள் வீட்டுக்கு வந்தோம். அப்பாவை நான் மறுபடி பார்க்கவில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவர் இறந்துபோனார். 'நீ கட்டின பொய்த் தூளிதான் எங்க அண்ணனக் கொன்னுச்சு' என்பார் அப்பாவின் தங்கையான அத்தை. அம்மா இதைப் பற்றிக் கடைசி வரை வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காசிம் அண்ணன் காரை நிறுத்தினார். செம்பனைக்கு நடுவே ஆறு சிமெண்டுத் தூண்களும் மூன்று படியும் இருந்தன. கூரை இல்லை. உத்தரம் இருந்த உயரத்தை அண்ணாந்து பார்த்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எட்டவே எட்டாது. எப்படிக் கட்டினேன் என்பது எனக்கு நினைவே இல்லை. பத்து நிமிடம் நின்றேன், கொசு பிடுங்கி எடுத்துவிட்டது. முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள்.

அங்கிருந்து பாடாங் செராய் சுமார் இருபது கிலோமீட்டர். தமிழ்ப் பள்ளியைத் தாண்டி ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், லெச்சுமி அக்கா மகனோடு இருக்கிறார். எழுபத்தைந்து வயது. அன்று அவருக்குப் பத்து வயது இருக்கும், தாயாருக்கு உதவியாகத் தூளி ஆட்டிக்கொண்டிருந்தவர். ஜித்ரா பாசாரில் வாங்கிய இரண்டு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழத்தைக் கொடுத்தேன். ஒன்றை உரித்துத் தின்றுவிட்டு, "ஏன்டி, அஞ்சு மாசமா வாழைப்பழம் தேடுனியா?" என்று கேட்டார். காசிம் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கார் பக்கம் போய்விட்டார்.

நானே முந்திக்கொண்டேன். அந்தத் தூளியைப் பொய்யாகக் கட்டியது நான்தான், அது உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தானே கூப்பிட்டீர்கள் என்றேன்.

லெச்சுமி அக்கா பழத்தோலைக் கீழே வைத்தார். "பொய்யா? யாரு சொன்னா?"

அத்தை என்றேன்.

"ஒனக்கு எட்டலன்னு மண்ணெண்ண டின்னக் கவுத்துப் போட்டு ஏறி நின்ன. டின்னு ஆடுச்சி. நான்தான் புடிச்சிக்கிட்டேன். எதுக்குடி கட்டுறன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"'அம்மாவால கையத் தூக்க முடியல, அதான் நான் கட்டுறேன்'ன்னு சொன்ன."

மீதியை அவர் மெதுவாகச் சொன்னார். அம்மாவின் வலது கை தோளுக்குக் கீழே வீங்கி, இரண்டு நாளாக ஒரு கையால் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாராம். மூன்றாவது முறையும் எல்லாரையும் கூப்பிட வெட்கப்பட்டு, விழுந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று பெண்கள் பாயோடு வந்தபோது 'நான் கூப்பிடவில்லையே' என்று முதலில் மறுத்தவர், தூளியை யார் கட்டியது என்று தெரிந்ததும்தான் உடைந்து அழுதாராம். மறுநாள் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் கொண்டுபோனார்கள், எலும்பு முறிந்திருந்தது. அம்மா தானாகச் சாலைக்கு வந்திருக்க மாட்டார், நான் கட்டிய அந்தத் தூளிதான் அவரைக் கிளப்பியது என்றார் லெச்சுமி அக்கா. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, 'நான் இருக்கும் வரை அவள் அப்பனைப் பற்றி அவளிடம் பேசாதே' என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாராம்.

நான் அழுதேன். அப்பாவுக்காகவும் அழுதேன், அதை மறைக்க விரும்பவில்லை. என்னைத் தோளில் சுமந்த கைதான் அம்மாவின் எலும்பை முறித்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இனி இருக்க வேண்டும். லெச்சுமி அக்கா என் தலையைத் தடவிக்கொண்டே இன்னொரு பழம் உரித்தார், எனக்கு.

போக நினைப்பவர்களுக்கு: திரும்பும்போது மாலை ரயிலில் கூட்டம் அதிகம், முன்பே பயணச்சீட்டு எடுத்துவிடுங்கள். கொட்டகை இருக்கும் நிலம் இப்போது தனியாருடையது, வாசலில் இருக்கும் காவலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், நல்ல மனிதர். உள்ளே கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். பாடாங் செராய் கடைத்தெருவில் மதியச் சாப்பாடு எட்டு ரிங்கிட்டுக்கு நன்றாக இருந்தது. மொத்தம் எனக்கு நூற்று அறுபது ரிங்கிட்டுக்குள் முடிந்தது. உங்கள் வீட்டிலும் யாரும் பேசாத ஒன்று இருந்தால், அதைத் தெரிந்தவர் கூப்பிட்ட வாரமே கிளம்புங்கள், முட்டி வலியைக் காரணம் காட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலோர் ஸ்டாரில் பெண்களுக்கு உதவும் ஒரு சிறிய குழுவில் முப்பது வருடமாகத் தொலைபேசி எடுக்கிறேன். அடிபட்டு அழைக்கும் பெண்ணிடம் முதலில், 'இது உங்கள் தவறு இல்லை' என்று சொல்வேன். எனக்கு நான் சொல்லிக்கொண்டதில்லை. எங்களிடம் ஒரு நோட்டு உண்டு. பிள்ளைகள் யாராவது அழைத்துச் சிரித்துவிட்டு வைத்தால் அதில் 'விளையாட்டு' என்று எழுதி விட்டுவிடுவோம். அதில் பாதி என் கையெழுத்து.

திரும்பி வந்த பிறகு, அந்த வாரம் வியாழக்கிழமை பிற்பகல் ஒரு பிள்ளை அழைத்துச் சிரித்தது. பேனாவை எடுத்த கை அப்படியே நின்றது. "அம்மாவால கையத் தூக்க முடியுதாம்மா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. முகவரியை நான் மெதுவாகக் கேட்டேன், அது மெதுவாகச் சொன்னது.