இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு ஸ்க்ரூ

போன செவ்வாய்க்கிழமை மதியம் என் கணவர் சாப்பிட வரவில்லை. சரி, வண்டி வயரிங் வேலை மும்முரம் போலிருக்கிறது என்று சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நானே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். தர்ம ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் கரன்ட் பார்க்கும் மீட்டர். உள்ளங்கையில் ஒரு ஸ்க்ரூ.

"இது நான் முடுக்கினது, சாந்தி" என்றார். அவ்வளவுதான். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஆஸ்பத்திரிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த வேன் அது. டீசல் வண்டிதான்... ஆனால் நம் ஊர் லாரி மாதிரி இல்லை. உள்ளே குட்டிக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்று சாவியைச் சரிபார்க்கும். இன்னொன்று இன்ஜினுக்கு டீசல் விடும். முதலாவது 'நம்ம சாவிதான்' என்று சொன்னால்தான் இரண்டாவது டீசலைத் திறக்கும். அவை பேசிக்கொள்வது, ஒன்றோடொன்று முறுக்கிவிட்ட இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாக.

வேன் வந்த புதிதில் அதற்கு சைரன் பொருத்திக் கொடுத்தவர் என் கணவர். பல மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் பேட்டரி இறங்கிவிட, டிரைவர் ஆரோக்கியம் பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்தார். மறுநாள் வண்டி கிளம்பவே இல்லை.

என் கணவர் போய்ப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில், மேனேஜர், நர்சுகள் எல்லோரும் நிற்கும்போதே சொன்னார் — "பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்தி ஒயர் குடுத்திருக்கான். கம்ப்யூட்டர் கருகிப் போச்சுங்க."

"இல்லீங்கண்ணா, சரியாத்தான் குடுத்தேன்" என்றாராம் ஆரோக்கியம். யார் கேட்டார்கள்? வேலை போயிற்று.

புதுக் கம்ப்யூட்டர் கப்பலேறி வருகிறவரை வேன் மூலையில் நின்றது. மங்கலத்துப் பிள்ளைத்தாச்சி ஒருத்தியை டெம்போவில், துணி மூட்டைமேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நல்லபடியாகப் பிரசவம் ஆனது. அதைக் கேட்டு நிம்மதியாக இருக்கக்கூட இப்போது கூச்சமாக இருக்கிறது.

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மாட்டினார். வண்டி அசையவில்லை.

அப்போதுதான் அந்த இரண்டு கம்பிகளைச் சந்தேகப்பட்டிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் கொஞ்சம் தடை காட்ட வேண்டும். சைபர் காட்டியது. அப்படியானால் எங்கோ இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன... டாஷ்போர்டைக் கழற்றிக் கம்பி போன வழியே போனார். சைரன் சுவிட்சைப் பிடித்திருந்த ஸ்க்ரூவின் முனை, வண்டியின் குலுக்கலில் தினமும் உரசி உரசி, இரண்டு கம்பிகளின் தோலையும் அறுத்து, இரண்டையும் ஒட்டவைத்து, அவற்றின் பேச்சை நிறுத்தியிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி டேப் சுற்றினார். பழைய கம்ப்யூட்டரையே திரும்ப மாட்டி சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். 'புதுசு மாட்டினேன், ஓடுது' என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? என் மனசிலும் அந்த நினைப்பு ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தது. அவர் என்னைப் பார்க்காமலே, "வேலம்பாளையம் போலாம், வா" என்றார்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. ஆரோக்கியத்தின் மனைவி கதவைத் திறந்து, எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, "ஊட்டுக்குள்ள வாங்க" என்றாள். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

என் கணவர் ஸ்க்ரூவைப் பாயின்மேல் வைத்தார். "தப்பு என்னோடது, ஆரோக்கியம். உன்மேல பழியப் போட்டுட்டேன். மன்னிச்சுரு."

ஆரோக்கியம் அதை எடுத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்.

"எங்கூட்டுக்கு வந்து சொன்னீங்க, சரிங்கண்ணா. அன்னிக்கு எல்லார்த்துக்கும் முன்னாடிதானுங்க சொன்னீங்க? எம்பட பசங்களப் பள்ளிக்கூடத்துலகூட, உங்கொப்பன்தான வண்டியக் கெடுத்ததுன்னு கேக்கறாங்க."

என் கணவர் அந்த ஸ்க்ரூவைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு அவர், "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வா" என்றார்.

மறுநாள் அதே வாசல். மேனேஜர், நர்சுகள், மாத்திரைக்கு வரிசையில் நின்றவர்கள். என் கணவர் நடுவில் போய் நின்றார். ஒரு வார்த்தையையும் முழுங்கவில்லை. ஸ்க்ரூவை எல்லோருக்கும் காட்டினார். "வண்டியக் கெடுத்தது நானுங்க. ஆரோக்கியம் இல்லீங்க" என்றார். நான் தூண் பக்கமாக நின்றுகொண்டேன்... மறைவாகத்தான்.

மேனேஜர் சாவியை நீட்டினார். ஆரோக்கியம் வாங்கவில்லை. "இப்ப ஒரு டெம்போ ஓட்டறனுங்க. மாசக் கடைசி வரைக்கும் வர்றேன்னு டெம்போ ஓனர்கிட்டச் சொல்லிப்போட்டேன். அது முடிஞ்சு வர்றனுங்க." எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

பழி போடுவதற்கு வாசல் வேண்டும் நமக்கு. மன்னிப்பு கேட்க மட்டும் ஏன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறோம்?