தாஸ் அண்ணனின் சட்டை

போன வாரம் என் மகள் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் மேகத்தில் வைத்துவிட்டாள். கைப்பேசியில்தான். குடியிருப்போர் சங்க விருந்தில் எனக்கு மாலை போட்ட வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி, என் மேல் விரலை வைத்து அழுத்தினாள். ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வந்தேன். பேனர், நாற்காலி, சங்கத் தலைவர் எல்லாரும் கீழேயே தங்கிவிட, நான் மட்டும் மாலையும் கழுத்துமாக நீல வானத்தில் நின்றேன்.

"அழி அத."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

நன்றாக இருந்ததுதான் பயம். அவளிடம் சொன்னால் சிரிப்பாள். உங்களிடம் சொல்கிறேன், நீங்களும் கொஞ்சம் சிரிக்கலாம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேல் மாடியில் தாஸ் அண்ணனின் வீடியோ கடை. கல்யாணங்களை அவர் எடுப்பார், நான் வெட்டி ஒட்டுவேன். கீழேயிருந்து மல்லிகையும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை நாள் முழுக்க ஏறி வந்துகொண்டிருக்கும். இன்றைக்கும் அந்த வாசனை பட்டால் என் ஆள்காட்டி விரல் மௌஸைத் தேடுகிறது.

கல்யாணம் இல்லாத நாட்களில் இறந்தவர்களுக்குப் படம் செய்வோம். நம் ஆட்களில் பலருக்கு உருப்படியாக ஒரு போட்டோ இருக்காது. யார் வீட்டுக் கல்யாண வீடியோவிலாவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, ஆளைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்து வெட்டி எடுத்து, கழுத்தில் ஒரு மாலையை ஒட்டி, பின்னால் வெள்ளையும் நீலமுமாக ஒரு வானத்தைப் போட வேண்டும். அந்த வானத்துக்குக் கடையில் பெயர் மேகம். "மேகத்துல வச்சிட்டியா?" என்று தாஸ் அண்ணன் கேட்பார். "வச்சிட்டேண்ணே" என்பேன். இதில் பயப்பட ஏதாவது இருக்கிறது என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போர்ட் கிள்ளானிலிருந்து லெட்சுமி அக்கா வந்தார். கணவர் மாரிமுத்துவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை சின்னப் படகில் தனியாக மீன் பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. அடையாள அட்டையும் அவர் பையில். வீட்டில் இருந்ததோ மீசை சரியாக முளைக்காத காலத்துக் கல்யாணப் படம் ஒன்றுதான்.

"நல்லா தெரியிற மாதிரி மூஞ்சி வேணும்னு போலீஸ்ல கேக்குறாங்கம்மா. பின்னால ஒண்ணும் இருக்கக் கூடாதாம். மருமக கல்யாணத்துல நீங்கதானே வீடியோ எடுத்தீங்க, அதுல இருப்பாரு."

இருந்தார். கேமராவைக் கண்டால் தூண் மறைவுக்குப் போகிற ஆள், தாய்மாமன் என்பதால் மேடையில் மாட்டிக்கொண்டார். தொப்பை வரைக்கும் மாலை. ஓர் இடத்தில் யாரோ ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தார். அங்கே நிறுத்தினேன். அசைகிற ஆளை நிறுத்தினால் முகத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். ஒவ்வொரு படமாக நகர்த்தி, இரண்டு சிரிப்புக்கு நடுவில் அவர் அசையாமல் இருந்த ஒரு நொடியைப் பிடித்தேன். காது, முடி, மாலையின் ஒவ்வோர் இதழ் என்று வெட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நல்ல வேலை. பெருமையாகக்கூட இருந்தது.

மாலையைப் பார்த்த கை, என்னைக் கேட்காமலே மேகத்தைப் போட்டது. அச்சடித்து அக்காவிடம் நீட்டும்வரை எனக்கு உறைக்கவில்லை.

லெட்சுமி அக்கா கத்தவில்லை. படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். "இன்னும் தேடிக்கிட்டுத்தான்மா இருக்காங்க" என்றார்.

நான் அதை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டேன். தாஸ் அண்ணன் எட்டிப் பார்த்தவர், "மொதல்ல மாலைய எடு" என்றார்.

எடுத்தால் மாரிமுத்துவுக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை, எல்லாம் மாலைதான். கடைசியில் தாஸ் அண்ணனைச் சுவரோரம் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, அவருடைய பழுப்புக் கட்டச் சட்டையைத் தோளோடு வெட்டி, மாரிமுத்துவின் தலைக்குக் கீழே பொருத்தினேன். பின்னால் வெறும் வெள்ளை. அக்கா அதை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வந்த மூன்று நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். போன் அடித்தால் கழிவறைக்குள் போய்விடுவேன். அந்த ஆள் செத்துப்போனால் நான்தான் கொன்றேன் என்று உறுதியாக நம்பினேன். மேகப் படத்தைக் கிழிக்கப் பயம், எரிக்க அதைவிடப் பயம், ஆற்றில் விடலாமென்றால் அவர் தண்ணீரில் அல்லவா காணாமல் போயிருக்கிறார். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் காகிதம் அரைக்கிற இயந்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். கணினியிலும் அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தாஸ் அண்ணன் போனை வைத்துவிட்டு, "உசிரோட கெடச்சிட்டாராம்லா" என்றார். என்ஜின் நின்றுபோய், ஒரு தீவோரம் கண்டல் மரங்களுக்கு நடுவில் படகு சிக்கியிருந்ததாம். நான் மேசைமேல் தலையை வைத்து அழுதேன்.

அப்புறம் மாரிமுத்து நெடுநாள் இருந்தார். பேரன் பேத்தி பார்த்து, போன வருஷம் தூக்கத்திலேயே போனார். சாவு வீட்டில் லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டிக் கேட்டார்:

"அந்த மேகம் போட்டது இருக்காம்மா? அதுல முழுசா அவரு இருந்தாரு. இதுல மூஞ்சி மட்டும்தான்."

இல்லை. அந்தக் கல்யாண டேப்பில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. கடை போய், அந்த மாடியில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். இருந்த ஒன்றையும் நான் கண்ணை மூடிக்கொண்டு அரைத்திருக்கிறேன். சொன்னேன். "பரவாயில்லம்மா, மாலை போட்டா சட்டை தெரியாது" என்று அக்கா என்னைத் தேற்றினார்.

போலீசுக்குக் கொடுத்த படம்தான் சுவரில் இருந்தது. மாலை போட்டார்கள். ஓரத்தில் பழுப்புக் கட்டம் கொஞ்சம் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த மாலை விழுந்திருப்பது யார் தோளில் என்று. பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது.

தாஸ் அண்ணன் இப்போது சுங்கை பூலோவில் மகன் வீட்டில் இருக்கிறார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் அவருக்குப் போன் போடுகிறேன்.

"என்னம்மா, திடீர்னு எம்மேல இவ்ளோ பாசம்?" என்கிறார்.

"சும்மாதாண்ணே. சாப்பிட்டீங்களா?"