கேரவனும் கோஸ்தானும்

கேரவன் வாங்கிய முதல் கோடையிலேயே அதை விற்கும் பேச்சும் வந்துவிட்டது. காரணம் என் மனைவியின் வயிறு. வளைவுகள் தொடர்ந்து வந்தால் அவளுக்குத் தலை சுற்றும், பிறகு வாந்தி. வடக்கே போன முதல் பயணத்தில் மலைப்பாதை நெடுக ஓரங்கட்டி ஓரங்கட்டித்தான் போய்ச் சேர்ந்தோம். கிளென்ஃபீல்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அவள் சொன்னாள்:

“இன்னும் ஒரே தடவை பார்ப்போம்லா. அதுலயும் எனக்கு இப்படி ஆச்சுன்னா வித்துடுங்க.”

ஒப்புக்கொண்டேன். மனம் ஒப்பவில்லை. காரில் பூட்டி இழுத்துப்போகும், வாசலில் நிற்கும் அந்த வெள்ளைப் பெட்டி வீட்டை ஞாயிறுதோறும் கழுவித் துடைக்கிறவன் நான். அதற்குள் தேநீர்க் கோப்பைக்கும் சீனிப் போத்தலுக்கும் தனித்தனி இடம் வைத்திருக்கிறேன்.

ஆகவே இரண்டாவது பயணத்தை மிகக் கவனமாகத் திட்டமிட்டேன். போகுமிடம் மிராண்டாவுக்கு அருகே ஒரு கடலோர முகாம். அதற்கு இரண்டு பாதைகள் உண்டு. மோட்டர்வேயில் தெற்கே போய், பொக்கனோவில் திரும்பி, மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே நேராகப் போவது ஒன்று. பார்க்க லாரிகளும் பசுக்களும்தான். மற்றது கிளிவ்டன் வழியாகக் கவகவா பே வரை வந்து, அங்கிருந்து குன்றேறி இறங்கி, கடலை உரசிக்கொண்டு போவது. அழகான பாதை, ஆனால் முழுக்க வளைவு. நான் முதலாவதைத் தேர்ந்தேன். முந்திய வாரம் தனியாக ஒருமுறை ஓட்டிப்போய் எல்லாவற்றையும் பார்த்துவைத்தேன், கேரவனோடு சுலபமாக நுழைந்து வெளியேறக்கூடிய பெற்றோல் நிலையம் எது என்பது உட்பட.

“அப்பா, தட் ரூட் இஸ் ஸோ போரிங்,” என்றாள் மகள். அவள் பல்கலைக்கழக விடுமுறையில் இருந்தாள்.

“அம்மாவுக்குச் சுகமான பாதை அதுதான் பிள்ளை.”

சனிக்கிழமை காலை இணைப்பு, சங்கிலி, விளக்குகள், சக்கரக் காற்று, எரிவாயு என்று வழக்கமான வரிசையில் சரிபார்த்துப் புறப்பட்டோம். மனைவி முன் இருக்கையில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். துறைமுகப் பாலம் தாண்டும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு வீதி வேலை. வாகனங்கள் நகர்வதும் நிற்பதுமாக இருந்தன. ஒவ்வொரு பிரேக்குக்கும் கேரவன் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது. என் நேரான பாதையில் ஒரு வளைவுகூட இல்லை. ஆனாலும் மனுரேவாவை நெருங்கும்போது அவள் முகம் வெளிறிவிட்டது.

“நிறுத்துங்க. எங்கயாச்சும் நிறுத்துங்க.”

மோட்டர்வேயை விட்டிறங்கி ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் அவசரமாக நுழைந்தேன். அவள் இறங்கிப் போய் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். வாந்தி வரவில்லை. ஆனால் வந்துவிடும் என்று மூவருக்கும் தெரிந்தது. நான் கேரவனைப் பார்த்தேன். இனி அது நம்முடையதல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் குடித்துவிட்டு அவள் எழுந்தாள்.

“சாவியைக் குடுங்க. நானே ஓட்டுறேன்.”

“உமக்கு விசரே? பின்னால கேரவன் கிடக்கு.”

“நான் ஓட்டும்போது எப்பவாச்சும் தலை சுத்தினதுண்டா?”

யோசித்தேன். தினமும் வேலைக்கு அவளேதான் ஓட்டிப் போகிறாள். ஒருநாளும் வயிற்றைப் பற்றிப் பேச்சில்லை. வாரயிறுதியில் நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் இருப்பாள். வாந்தியெல்லாம் வாரயிறுதியில்தான். பாதைகளை இவ்வளவு ஆராய்ந்த எனக்கு, இருக்கையை மாற்றிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

“லெட் ஹெர், அப்பா,” என்றாள் மகள்.

ஒரு சிக்கல். அவசரத்தில் நான் முட்டுச் சந்தாகப் பார்த்து நுழைந்திருந்தேன். பின்னோக்கித்தான் வெளியே வரவேண்டும். சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு நான் பின்னால் போய் நின்று கத்தினேன்:

“வலப்பக்கம் வெட்டும்! வெட்டும்!”

கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

“என்னங்க, ரிவர்ஸ்ல போய் யாரை வெட்டுறது?”

எங்கள் ஊரில் வெட்டுவதென்றால் ஸ்டியரிங்கை ஒடிப்பது. அவள் பிறந்த மலேசியாவில் முன்னால் போகும் வண்டியை முந்துவது.

“முந்தச் சொல்லேல்லையப்பா! வலப்பக்கம் திருப்பும் எண்டு சொல்றன்.”

“உங்க வலமா, என் வலமா, கேரவன் வலமா?”

மகள் சிரித்துச் சிரித்துக் குனிந்துவிட்டாள். மனைவி முடிவாகச் சொன்னாள்: “வாயால வலம் இடம் ஒண்ணும் வேணாம். கையைக் காட்டுங்க. வரலாம்னா கோஸ்தான்னு மட்டும் சொல்லுங்க.”

பின்னோக்கி எடுப்பதற்கு அவர்கள் ஊர்ச் சொல் அது. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவருகிறேன், ஒருமுறையும் சொன்னதில்லை. அன்று மனுரேவா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

“கோஸ்தான்! கோஸ்தான்! கோஸ்தான்!”

சாமான் வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்றுவிட்டார்.

“தம்பி, மலேசியாவுல ஈப்போவா, கிள்ளானா?”

“யாழ்ப்பாணம், ஐயா.”

“யாழ்ப்பாணத்துல ஏதுப்பா கோஸ்தான்?”

“கலியாணம் கட்டினதில வந்தது.”

கேரவன் ஒரு வாகனத்தையும் தொடாமல், நான் எந்த நாளும் எடுத்திராத ஒரு வளைவெடுத்து வெளியே வந்தது. பெரியவர் கைதட்டினார்.

நான் பக்கத்து இருக்கையில் ஏறி மோட்டர்வேக்குத் திரும்பும் வழியைச் சொன்னேன். அவள் கிளிவ்டன் பக்கம் சிக்னல் போட்டாள்.

“அது கஷ்டமான பாதை.”

“பக்கத்துல சும்மா உட்கார்ந்து போறவளுக்குத்தானே கஷ்டம்?”

கவகவா பேயில் கடல் தெரிந்தது. அதன்பின் குன்று. ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வாகனங்கள் சேர்ந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அவற்றைப் போகவிட்டாள். குன்று இறங்கியதும் பாதையும் கடலும் பக்கம் பக்கமாக ஓடின, பொகுட்டுகாவா மரங்கள் தண்ணீரின் மேல் சாய்ந்து நின்றன. அவள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். நான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருந்தேன்.

“என்ன, சத்தி வருதா?” என்று வாந்திக்கு என் ஊர்ச் சொல்லையே எடுத்துக் கேட்டாள்.

“இல்லை. வாசம் நல்லாயிருக்கு.”

முகாமில் இரண்டு கேரவன்களுக்கு நடுவே எங்களுக்கான இடம். பக்கத்துக்காரர் உதவ எழுந்து வந்தார். அவள் புன்னகையோடு கையசைத்து மறுத்துவிட்டு, ஒரே எடுப்பில் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள். இறங்கிச் சோம்பல் முறித்துக் கடலைப் பார்த்தாள்.

“பசிக்குது,” என்றாள்.

எந்தப் பயணத்தின் முடிவிலும் நான் அவளிடம் கேட்டிராத சொல். ஓடிப்போய் மீனும் சிப்ஸும் வாங்கி வந்தேன். தன் பங்கைத் தின்றுவிட்டு என் பங்கிலும் கைவைத்தாள்.

“எதிர்க்கரையில தெரியுற கோரமண்டல் பக்கம் வளைவு ஜாஸ்தியாமே?”

“ஓம். இதைவிட எவ்வளவோ கூட.”

“அப்ப அடுத்த மாசம் அங்க போவோம்,” என்றாள்.